ரெண்டாம் செலக்ஷன் காட்டெருமை

ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு மாட்டைப் பார்த்தால் பால் ஞாபகம் வராது. இது எங்கள் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் ‘என்ன லட்சணமான மாடு’ என்று நின்று பார்க்கும் இடத்தில் நாங்கள், ‘தோல் முப்பது சதுர அடி வரும், கழுத்தில் முள் கீறல் இருக்கிறது’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போய்விடுவோம். (பிரியாணி ஞாபகம் வரும் என்று நினைத்தீர்களா? அதுவும் வரும். அது தனிக் கதை.)

இந்தப் புத்தியை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு மழைக்காட்டைப் படமெடுக்கப் போனேன்.

அப்போது ஒரு ஷூ கம்பெனியில் இரண்டு வருடமாக டிரெய்னி. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு, தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் யாருடையதோ மாதிரி இருக்கும். அந்த நாட்களில் என் வாழ்க்கை லட்சியம் என்ன என்று யாராவது கேட்டிருந்தால், ‘நாற்காலி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன்.

அந்த நாற்காலி திடீரென்று கண்ணெதிரே வந்தது. எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கு (கம்பெனி பாஷையில் ‘பையர்’) இயற்கை மேல் பாசம் பொங்கிவிட்டது. எங்கள் கம்பெனி ஒரு மழைக்காட்டைக் காப்பாற்ற உதவ வேண்டும். அந்தக் காட்டைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அவர் நாட்டில் ஷூ வாங்க வருகிறவர்கள் கண்ணில் கண்ணாடிப் பெட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு, கடையில் இருந்தபடியே காட்டுக்குள் உலாவுவார்கள். தோல் பதனிடும் கழிவு இறங்கி, எங்கள் தெருக் குழாயில் வருகிற தண்ணீரில் பருப்பு வேகாது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஜெனரல் மேனேஜர் பஷீர் சார் முதலில் பக்கத்தில் இருக்கும் அமிர்திக் காட்டையே மழைக்காடு என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று பார்த்தார். அங்கேயும் மரம் இருக்கிறது, குரங்கு இருக்கிறது, அருவி கூட இருக்கிறது என்றார். மழைக்காடு என்றால் மழை பெய்ய வேண்டும் என்று பையரிடமிருந்து பதில் வந்தது. வேலூர் ஜில்லாவில் அதற்கு எங்கே போவது? கடைசியில் வால்பாறைப் பக்கம் என்று முடிவானது. விலங்கியல் படித்த பெண்ணுக்கு விலங்கைப் படமெடுக்கவும் தெரியும் என்று பஷீர் சாரே முடிவு செய்து என்னைக் கூப்பிட்டார்.

“எஸ்தர், இத நல்லா முடிச்சிட்டு வா. இதுக்குன்னே தனி செக்ஷன் போடறோம். உனக்கு பர்மனென்ட் ஆர்டர், தனி டேபிள், சேர். சொதப்பினா மறுபடியும் செக்கிங் டேபிள்தான், என்னைக் கேக்காத.”

அவர் காட்டிய மூலையில் ஒரு சுழல் நாற்காலி பாலித்தீன் உறை கூடப் பிரிக்காமல் நின்றது. அதைப் பார்த்தபடியே தலையாட்டினேன்.

கல்யாணமாகாத பெண்ணைத் தனியாகக் காட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டதால் துணைக்கு அப்பா வந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா முப்பத்திரண்டு வருடம் டேனரியில் தோல் தரம் பிரித்தவர். கையால் ஒரு தடவு தடவி, ‘இது மொத செலக்ஷன், இது ரெண்டு, இது ரிஜக்ட்’ என்று தள்ளிக்கொண்டே போவார். ரிட்டையர் ஆகிவிட்டாரே தவிர, கண் ரிட்டையர் ஆகவில்லை. எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டின்போது பேசுவதே தோலைப் பற்றித்தான். அவர் முதல் என்றால் நான் ரெண்டு என்பேன். படித்த திமிர்.

காமிராவைப் பையரே அனுப்பியிருந்தார். ஒரு கம்பு, அதன் தலையில் உருண்டையாக ஒரு சாமான். முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு கண். சுற்றியுள்ள எல்லாவற்றையும் எடுக்கும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. டப்பாவில் எழுதியதை யார் நம்புவார்கள்? ‘முழுவதும் கையால் தைத்தது’ என்று எங்கள் ஷூ டப்பாவில் நாங்களே தினமும் ஒட்டிக்கொண்டிருந்தோம். கூடவே ஒரு விளக்கப் புத்தகம் இருந்தது. (பட்டதாரி எங்கேயாவது விளக்கப் புத்தகம் படிப்பாளா?)

காட்டைப் பற்றி அழகாக எழுத ஆசைதான். ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அட்டை. காலை ஏழு மணிக்குள் என் காலில் ஒன்பது, நைனா காலில் பதினான்கு. அதிலும் அவருக்குப் பெருமை. தூறிக்கொண்டே இருந்தது. வழிகாட்டியாக வந்த உள்ளூர்க்காரர் ஒரு புல்வெளியின் ஓரத்தைக் காட்டி, இங்கே வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் மறைந்திருங்கள் என்று சொல்லிவிட்டுத் தூரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கம்பை நட்டு, காமிராவின் முகம் என்று நானே தீர்மானித்த பக்கத்தைப் புல்வெளி பார்க்க வைத்து, நைனாவை இழுத்துக்கொண்டு பத்தடி பின்னால் போய் நின்றேன். முன்னால் நின்றால்தானே படத்தில் விழுவோம்?

அரை மணி நேரம் கழித்துக் காட்டெருமை வந்தது. தனிக் காளை. கன்னங்கரேல் என்று, நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி, ஒரு லாரி அகலத்துக்கு. உண்மையாகவே அழகு. அந்த அழகைப் பற்றி என் காதோரம் நைனா என்ன சொன்னார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நானும் பதில் சொன்னேன். காட்டெருமை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து ஒரு முறை ‘புஸ்’ என்றது. அடுத்த நொடி நாங்கள் இருவரும் சேற்றில் குப்புறக் கிடந்தோம். அது அலட்சியமாகத் திரும்பி நடந்து போய்விட்டது.

திரும்பி வரும்போது வேனில் செல்போனில் போட்டுப் பார்த்தேன். புல்வெளி, தூறல், காட்டெருமை. பிரமாதம். சத்தத்தை வைத்துப் பார்க்கவில்லை, தூங்குகிற பெரியவரை எழுப்பாதே என்றார் டிரைவர். படத்தை விரலால் தள்ளினால் பின்பக்கமும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

பையர் ஆம்பூருக்கு வந்தார். மீட்டிங் ஹாலில் ஆபீஸ் ஆட்கள், சூப்பர்வைசர்கள் என்று முப்பது பேர். அவர் கண்ணில் பெட்டியை மாட்டினார்கள். அவர் பார்ப்பது பெரிய திரையில் எங்களுக்கும் தெரியும், சத்தம் ஸ்பீக்கரில் வரும். உட்கார நல்ல நாற்காலி வேண்டும் என்று மூலையில் இருந்த என் சுழல் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். என் வினை அங்கேதான் ஆரம்பித்தது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்தவர் சுழலாமல் இருப்பாரா?

காட்டெருமை வந்ததும் ‘ஓ’ என்றார். பிறகு மெதுவாகத் திரும்பினார். மரம், செடி, இன்னொரு மரம். அடுத்து திரை முழுக்க நானும் நைனாவும். நைனா இரண்டு கைகளையும் அகல விரித்து, காட்டெருமையின் கழுத்திலிருந்து வால் வரை காற்றில் அளந்துகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் தெளிவாக வந்தது.

“அம்பது அடிக்குக் கொறையாது எஸ்தரு.”

ஹாலில் முப்பது பேருக்கும் புரிந்தது. கட்டிங் ஃபோர்மேன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பையர், இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பஷீர் சார் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு பெரிய ஆர்டர் பாலாற்றில் போய்க்கொண்டிருந்தது.

“ப்ரேயர், சார்,” என்றார். “லோக்கல் ப்ரேயர். எஸ்தர் சொல்லுவா.”

என் அறுபது கிலோவும் உள்ளங்காலுக்கு இறங்கியது. நாற்காலியைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். ‘உன் பெருமை என்றும் குறையாது’ என்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

“முதுகு எவ்ளோ சுத்தம் பாரு. மொத செலக்ஷன்,” என்றார் திரையில் நைனா.

‘உன் மனம் சுத்தமானது, உன்னைத் தேர்ந்தெடுத்தோம்’ என்றேன். அது வரை கூடச் சமாளித்துவிட்டேன். அடுத்து என் குரலே வந்தது.

“சும்மா இரு நைனா. வயித்துல உண்ணிக்கடி ஜாஸ்தி. நானா இருந்தா ரிஜக்ட் பண்ணிடுவேன்.”

பையர் பெட்டியைக் கழற்றாமலேயே நிமிர்ந்து, ‘ரிஜக்ட்’ என்று சொன்னாளா என்று கேட்டார். பாழாய்ப்போன ஆம்பூர் தமிழ், பாதி அவர் வீட்டு பாஷை. ஆமாம் சார், உன் வயிறு நிறையட்டும், நாங்கள் தீமையை ரிஜக்ட் பண்ணுகிறோம் என்றேன். சொல்லி முடிப்பதற்கும் திரையில் நாங்கள் இருவரும் காட்டெருமையின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுவதற்கும் சரியாக இருந்தது. அதைவிடப் பொருத்தமாக எந்த டைரக்டராலும் எடுக்க முடியாது.

பையர் பெட்டியைக் கழற்றியபோது அவர் கண் கலங்கியிருந்தது. தோலுக்காக மாட்டைப் பார்க்கும் ஊரில் மாட்டைத் தெய்வமாகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பஷீர் சார் கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவரும் அழுகிறார் என்று பையர் நினைத்திருப்பார்.

அடுத்த வாரம் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. படமும் ‘காட்டைத் தொழும் மக்கள்’ என்ற தலைப்போடு உலகம் முழுக்கப் போனது. உலகத்தோடு நிற்காமல் எங்கள் சர்ச்சுக்கும் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் பாஸ்டர் நைனாவை ஓரமாகக் கூப்பிட்டார். காட்டெருமைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டீர்களாமே என்று வருத்தமாகக் கேட்டார். நைனா பதறிப்போய், கும்பிடவில்லை ஐயா, தரம்தான் பார்த்தேன், விழுந்தது பயத்தில் என்று கர்த்தர் மேல் ஆணையாகச் சொன்னார். பாஸ்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். பாஸ்டரும் ஆம்பூர்க்காரர்தானே. இரண்டு அடி நடந்து, திரும்பி வந்து கேட்டார்.

“எந்த செலக்ஷன்?”

நைனா முதல் என்றார், நான் ரெண்டு என்றேன். அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொந்தக்காரர்கள் கூடினால் சாப்பாட்டுக்குப் பிறகு படத்தைப் போட்டு ஓட்டெடுப்பு நடக்கிறது. வீட்டுக்கு யாராவது கொஞ்சம் பந்தாவாக வந்து இறங்கினால், ஜன்னல் பக்கம் நிற்கிற யாராவது சத்தமில்லாமல் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டுவார்கள். பெண் பார்க்க வந்த என் வீட்டுக்காரருக்கும் அந்த மரியாதை நடந்தது. கட்டிப்பிடிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் நேராக என் சித்தப்பா மேல் போய் விழுந்தார்.

பொய் சொல்லி வாங்கிய நாற்காலிக்கு வட்டி உண்டு. வருடா வருடம் பையர் வருகிறார். அந்தப் பிரார்த்தனையை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். நைனா வெள்ளை வேட்டி கட்டி வந்து, கம்பெனி வாசலில் இருக்கும் வேப்ப மரத்தின் முன்னால் நிற்பார். போன முறை பையர் உருக்கம் தாங்காமல் தானே மரத்தடியில் போய் நின்று, என்னையும் ஆசீர்வதிக்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார். நைனா கண்ணைச் சுருக்கினார். இரண்டு கையையும் மெதுவாக விரித்து, தலையிலிருந்து கால் வரை அவரை அளந்தார்.

“பதினெட்டு அடி வரும்மா. வெயில் படாத தோலு, நெகுநெகுன்னு இருக்குது. ஆனா கழுத்துல சுருக்கம் ஜாஸ்தி.”

பையர் கைகூப்பியபடி என்னைப் பார்த்தார். நூறு வருடம் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்கிறார் என்றேன். பிறகு நைனா பக்கம் திரும்பி, ரெண்டாம் செலக்ஷன்தானே என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். எங்கள் இருவருக்கும் முதல் முறையாக அபிப்பிராயம் ஒத்துப்போனது.