பூச்செடியில் கொழுந்தெடுத்த கதை

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிவிட்டால், அதன்பிறகு தூக்கம் நம் பக்கமே வராது. வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில், குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், கலியாண ஆசையால் இதைக் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் கொழுந்து மேஸ்திரி. பறிக்கிற பெண்களுக்குப் பின்னால் நின்று, "முத்துனதை உடு! கொழுந்தை மட்டும் கிள்ளு!" என்று கத்துவதுதான் உத்தியோகம். ஆறு வருஷம் கத்தினேன். (கொழுந்துக்கு முன்னால் என் தொண்டை முற்றிவிட்டது.) பெண் கேட்டுப் போன வீட்டில் பெண்ணின் அப்பா, "மழையில நனையற ஆளுக்குப் பொண்ணு இல்லீங்க. பங்களா வேலைன்னா பேசலாம்" என்று முடித்துவிட்டார். துரையின் மனைவி, எங்கள் துரைசாணி, பங்களாப் பூந்தோட்டத்துக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, "பூவெல்லாம் எனக்கு அத்துப்படிங்க" என்று போய் நின்றேன். வேலை கிடைத்தது. அன்றோடு தூக்கம் போனது.

துரைசாணிக்கு உயிர், ஒரு மஞ்சள் பூப் பாத்தி. கோரியாப்சிஸ் என்று பெயர். ஒருமுறை வைத்தால் வருஷா வருஷம் தழைக்கும். விதை பார்வைக்கு அசல் மாட்டு உண்ணி மாதிரியே இருக்கும். நல்ல வெயில் வேண்டும், எரு அதிகம் ஆகாது. வாடின பூவைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் புதுப் பூ வந்துகொண்டே இருக்கும்.

சனிக்கிழமை ஊட்டியில் பூக் காட்சி, சிறந்த பூவுக்குப் பரிசு. திங்களன்று துரைசாணி வெளியே கிளம்பும்போது, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "வாடின பூ எடு. மொட்டு தொடாதே. பரிசு இல்லே, நீ மறுபடி காடு."

காடு என்றால் தேயிலைக் காடு. காட்டுக்குப் போனால் கலியாணம் போச்சு. எனக்கோ கத்தத் தெரியுமே தவிர, கிள்ளத் தெரியாது. பறிப்பதில் கெட்டிக்காரியான ராமாயியக்காவைக் கெஞ்சி அழைத்து வந்தேன். அவர் முதுகில் கூடையோடு வந்து செடியில் கை வைத்ததுதான் தாமதம், ஆறு வருஷப் பழக்கம் என் வாயைத் திறந்தது.

"முத்துனதை உடு! கொழுந்தை மட்டும் கிள்ளு!"

"ஏனுங்க மேஸ்திரி, மொக்கெல்லாம் போயிருமுங்களே?"

"எனக்கே சொல்லித் தர்றீங்களாக்கும்? கையை ஓட்டுங்கக்கா!"

சொல்லிவிட்டு, துரைசாணியின் கார் வருகிறதா என்று கேட்டைப் பார்த்தபடி நகம் கடித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் கார் வந்தே விட்டது. ராமாயியக்கா பெருமையாகக் கூடையைச் சாய்த்துக் காட்டினார்.

"பாருங்கம்மா, ஒரு முத்தல் கெடையாது!"

கூடை நிறைய மொட்டு. பாத்தி நிறைய காய்ந்த பழுப்புத் தலைகள். துரைசாணி பாத்தியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ராமாயியக்காவைப் பார்த்தேன். அவர் எதிரே இருந்த தேயிலைக் காட்டைப் பார்த்தார்.

(அந்தச் செடிக்கு ரோஷமே இல்லை. அடுத்த மாதம் இரட்டிப்பாகப் பூத்தது. பரிசு கொடுப்பவர்கள்தான் அதுவரை காத்திருக்கவில்லை.)

எனக்கு மறுபடி காட்டு வேலைதான். பெண் வீட்டுக்கு எனக்கு முன்னால் சேதி போயிருந்தது. "பூச்செடியில கொழுந்தெடுத்தீங்களாமே?" என்று பெண்ணின் அப்பா கேட்டதும், கதவுக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. அடக்க முடியாமல் பெண்ணே பேசிவிட்டாள்: "அப்பா, இவரே இருக்கட்டுமுங்க. ஊட்டுல சிரிப்புக்குப் பஞ்சம் வராது."

வரவில்லை. இன்றைக்கும் பீன்ஸ் பொரியல் என்றால், நாரோடு முற்றினதெல்லாம் என் தட்டுக்குத்தான் வரும். "அப்பாவுக்கு மட்டும் ஏம்மா இப்புடி?" என்று பிள்ளைகள் கேட்டால், என் மனைவி கரண்டியை நிறுத்தாமலே சொல்வாள்:

"முத்துனதை உடச் சொன்னது அவருதானே? அவருக்குன்னு உட்டு வெச்சிருக்கறேன்."