லங்காவியில் இரண்டு ராகுகாலம்

எரியோடு,
செவ்வாய்க்கிழமை, கடை திறக்கும் முன்.

மதிப்பிற்குரிய மச்சான் மலைச்சாமி அவர்களுக்கு, உரக்கடை முத்துக்காளை மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கை ராமுத்தாயும், கடையும், செவலைப் பசுவும் உங்கள் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே ஆத்தூரில் உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா, அக்கா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்களா என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது மாப்பிள்ளை ஏன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் தங்கை அடுப்படியிலிருந்தே பத்து வார்த்தை சேர்த்துவிடுவாள், அதனால்தான் இந்தக் கடிதம். நாங்கள் ஊர் திரும்பிய சனிக்கிழமை அவள் உங்களுக்குப் போன் போட்டு, ஒன்றும் பேச முடியாமல் விம்மி விம்மி அழுது, போனை வைத்துவிட்டாளாம். அதைக் கேட்டு நீங்கள், "ஏந் தங்கச்சிய அங்க வச்சு என்ன பண்ணாருன்னு வைகாசித் திருவிழாவுல நாலு பேர வச்சுக் கேக்காம விடமாட்டேன்" என்று சொன்னீர்களாம். வேடசந்தூர் போகிற வழியில் உங்கள் மகன் முகேஷ்குமார் கடையில் இறங்கி, ஒரு சோடாவைக் குடித்துக்கொண்டே இதைச் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் ஆனதற்காக மகள் ஜீவிதா எங்களை மலேசியாவில் இருக்கும் லங்காவித் தீவுக்கு ஐந்து நாள் அனுப்பிவைத்தது உங்களுக்குத் தெரியும். வழியனுப்ப வந்த இடத்தில் நீங்கள் என்னைத் தனியாக அழைத்து, "கெணத்துல நீந்தி வளந்த புள்ள மாப்ள, கடல்ல ஒருவாட்டி நீந்தணும்னு சின்ன வயசுலயிருந்து சொல்லிக்கிட்டிருக்கா. அத மட்டும் பாத்துக்கங்க" என்று சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன். மறக்கவில்லை மச்சான். ஆனால் முதல் நான்கு நாளும் மழையென்றால் மழை, விடாத அடைமழை. கடற்கரையில் சிவப்புக் கொடியை நட்டு வைத்துவிட்டார்கள். கம்பியில் தொங்கிப் போகும் வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். கல்லில் செய்த பெரிய கழுகு ஒன்றைக் குடை பிடித்தபடி பார்த்தோம், சாக்லேட் வாங்கினோம், அறைக்கு வந்து தூங்கினோம். உங்கள் தங்கை தினமும் காலையில் துண்டையும் மாற்றுத் துணியையும் பையில் எடுத்து வைப்பாள், சாயங்காலம் அதே மடிப்போடு வெளியே எடுத்து வைப்பாள். எனக்கே பாவமாக இருந்தது.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, வெயில் சுள்ளென்று அடித்தது. அன்று ராத்திரி விமானம், ஆகவே அந்த ஒரு பகல்தான் பாக்கி. காலை எட்டு மணிக்குப் படகில் ஏறி மூன்று குட்டித் தீவுகளைப் பார்த்து, அங்கேயே கடலில் குளித்து வருவதாக ஜீவிதா ஏற்பாடு செய்திருந்தாள். எங்களுக்கு வண்டி ஓட்டிய மணிசேகரன் அந்த ஊர்த் தமிழர், தங்கமான மனிதர், தினமும் பார்த்தவுடன் "பசியாறிட்டீங்களா" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் ஏழரைக்கே வண்டியோடு வந்து நின்றார். நான் சட்டைப்பையிலிருந்து நாள்காட்டித் தாளை எடுத்துப் பார்த்தேன். வெளியூர் போகிறோமே என்று ஐந்து நாள் தாளையும் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன். எட்டு மணி குளிகையில் வருகிறது. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் அல்லவா, படகு ஒருதரம் கவிழ்ந்தால் போதாதா என்று கேட்டேன். மணிசேகரன் தலையைச் சொறிந்துகொண்டு படகுக்காரரிடம் பேசி, பத்தரைப் படகுக்கு மாற்றிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை.

இங்கேதான் சிக்கல் வந்தது. அந்த ஊர்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. என் கைக்கடிகாரத்தை நான் மாற்றவில்லை, அது திண்டுக்கல் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. ராகு யாருடைய கடிகாரத்தைப் பார்த்து வரும் என்று உங்கள் தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். சூரியன் அங்கே உதிப்பதால் அந்த ஊர் நேரம் என்று பார்த்தால் பத்தரை முதல் பன்னிரண்டு வரை ஆகாது. எங்கள் இருவருக்கும் ஜாதகம் எழுதியது திண்டுக்கல்லில் என்று பார்த்தால், அந்த ஊரின் ஒரு மணி முதல் இரண்டரை வரை ஆகாது. கடல் விஷயம், எதற்கு வம்பு என்று இரண்டையும் அனுசரிப்பதாக முடிவு செய்தேன். யமகண்டத்துக்கும் அதே கணக்கு. மணிசேகரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஐயா, ரெண்டு ஊரு கெட்ட நேரத்தையும் கழிச்சா இந்த நாள்ல ஒண்ணுமே மிஞ்சாது போலிருக்கே" என்றார். உங்கள் தங்கை பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சும்மா நிற்பானேன் என்று மணிசேகரன் எங்களைப் பக்கத்தில் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். பார்த்தால் நெல் வயல். நாற்று, வரப்பு, எருமை, சேறு எல்லாம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் வயலில் பார்க்காத நெல்லையா பாஸ்போர்ட் எடுத்து, விமானம் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்கள் தங்கை முணுமுணுத்தாள். இருந்தாலும் ஒரு பாத்தியில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். பார்த்தும் பேசாமல் போவது நம் தொழிலுக்கு அழகா? அங்கிருந்த பெண்ணுக்கு என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்று கையால் காட்டிச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு நெற்கதிரைப் பரிசாகக் கொடுத்தாள். இதில் முதல் ராகுகாலம் கழிந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சுத்தமான நேரம் பிறந்தது. படகு போய்விட்டாலும் கடற்கரை இருக்கிறதே, அங்கேயே நீந்திக்கொள்கிறேன் என்று உங்கள் தங்கை கிளம்பினாள். நானும் மனதாரத்தான் கிளம்பினேன். ஆனால் கடற்கரை நேர் மேற்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். பரிகாரமாக ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டால்தான் போகலாம். தீவு முழுக்கக் கடை கடையாகக் கேட்டோம், சாக்லேட்தான் கிடைத்தது. கடைசியில் மணிசேகரன் எங்கிருந்தோ தென்னஞ்சர்க்கரை வில்லை ஒன்று வாங்கி வந்தார். பார்க்க வெல்லம் மாதிரி இருந்தாலும் சூலத்துக்குச் செல்லுமா என்று எனக்குச் சந்தேகம். திண்டுக்கல்லில் இருக்கும் ஜோசியருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அவர் எடுத்து, செல்லும் என்று சொல்வதற்குள் ஒரு மணி அடித்து இரண்டாவது ராகுகாலம் பிறந்துவிட்டது. இதில் என் குற்றம் எங்கே இருக்கிறது மச்சான், நீங்களே சொல்லுங்கள்.

இரண்டரைக்குப் புறப்பட்டு, மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடற்கரைக்குப் போய்விட்டோம். மூன்று மணிக்கு யமகண்டம். இனிமேல் துணி மாற்றி இறங்குவதற்குள் நேரம் தப்பிவிடும், நாலரை வரைக்கும் செத்த நேரம் உட்காரலாம் என்று தன்மையாகத்தான் சொன்னேன். உங்கள் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க இருந்து நேரத்தப் பாத்துக்கிட்டு வாங்க. நான் கடலுக்குப் போறேன்" என்று சொல்லி, பையை என் மடியில் வைத்துவிட்டு, ஜீவிதா வாங்கிக் கொடுத்த சுடிதாரோடு விறுவிறுவென்று நடந்தாள். முப்பது வருடத்தில் அவள் என் பேச்சைத் தட்டியது அதுதான் முதல் தடவை என்று எழுத ஆசை, அதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்தேன். அண்ணாந்து பார்த்தால் மட்டையெல்லாம் காண்டாமிருக வண்டு வெட்டியிருக்கிறது. அதைக் கவனித்துவிட்டுத் திரும்பினால் கடலில் அவளைக் காணவில்லை. எங்கேயோ தூரத்தில் கறுப்பாக ஒரு தலை மட்டும் தெரிந்தது, அடுத்த அலையில் அதுவும் தெரியவில்லை. அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை மச்சான். உச்ச யமகண்டத்தில், மணி மூன்று இருபதுக்கு, உயிரைப் பொருட்படுத்தாமல் கடலில் பாய்ந்தேன். மலை மாதிரி வந்த அலைகளைக் கிழித்துக்கொண்டு போய், மூழ்கவிருந்த உங்கள் தங்கையின் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தேன். என் கைக்கடிகாரம் திண்டுக்கல் நேரம் பன்னிரண்டு ஐம்பதில் நின்றுபோனது, இன்னும் ஓடவில்லை. கெட்ட நேரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் சொன்னது நடந்ததா இல்லையா? தன் உயிரைக் காப்பாற்றிய மனிதனைப் பற்றித்தான் அவள் உங்களிடம் அழுதிருக்கிறாள். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

ஆகவே திருவிழாவில் சபை கூட்ட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், முகேஷ்குமாருக்கு ஆசீர்வாதம். உங்கள் தோட்டத்துக்கு வேண்டிய வேப்பம் புண்ணாக்கை எடுத்து வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் குலசாமி துணையிருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பு மாப்பிள்ளை,
முத்துக்காளை.

பின்குறிப்பு: அண்ணே, ராமுத்தாய் எழுதுறேன். அவுக ஸ்டாம்பு வாங்கப் போயிருக்காக, கவர ஒட்டாம வச்சுட்டுப் போனதால படிச்சேன். நான் போன்ல அழுகல அண்ணே, சிரிச்சேன். சொல்ல வாயத் தெறந்தாச் சிரிப்பு வந்துருச்சு, அதான் வச்சுட்டேன். நான் எங்கயும் முங்கல. இடுப்பளவு தண்ணியில மல்லாக்க மெதந்துக்கிட்டுக் கெடந்தேன், அம்புட்டுத்தான். அவுகதான் சட்ட, வேட்டி, செருப்போட ஓடியாந்து, முழங்கால் தண்ணியிலயே குப்புற விழுந்து, "ராமு, ராமு"ன்னு கத்துனாக. நாந்தான் காலரப் பிடிச்சுத் தூக்குனேன். நம்ம வீட்டுல ராகுகாலத்துலதான் உர லோடு எறக்குவாக, ஒருநாளும் நேரங்காலம் பாத்ததில்ல. அவுகளுக்கு நீச்சல் தெரியாது, தண்ணின்னாலே பயம். மறுவீட்டுக்கு வந்தப்ப எல்லாரும் நம்ம கெணத்துல குதிக்கையில வயித்துவலின்னு உக்காந்தாகல்ல, அன்னைக்கே எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்கிறது அவுகளுக்குத் தெரியாது, நீங்களும் காட்டிக்காதீங்க. திருவிழாவுல ஒண்ணும் கேக்க வேணாம். தண்ணியிலயிருந்து தூக்கிவிட்டதுக்கு அப்புறம் பொழுது சாயுற வரைக்கும் ரெண்டு பேரும் கடலுக்குள்ளதான் நின்னோம், அவுக எங் கைய விடவே இல்ல. அத எழுதியிருக்காகளான்னு ரெண்டுவாட்டி படிச்சுப் பாத்தேன், எழுதல. அதான் நான் எழுதுறேன்.