தொட்டித் தண்ணீர் நீலமான கதை

நாகர்கோவிலில் ஓடிய, தேங்கிய, கொதித்த எந்தத் தண்ணீரும் லிட்மஸ் அண்ணாச்சியிடமிருந்து தப்பியதில்லை. கல்லூரி ரசாயன ஆய்வகத்தில் வேலை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். இவர் லிட்மஸ் காகிதம் வைத்திருப்பார். புளிப்பில் முக்கினால் நீலக் காகிதம் சிவக்கும். சுண்ணாம்பு, சோடா போன்ற காரத்தில் முக்கினால் சிவப்புக் காகிதம் நீலமாகும். இதை ஊர் முழுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார், யாரும் கேட்காமலே.

கல்யாணப் பந்தியில் ரசத்தில் காகிதத்தை முக்கி, "செவந்துட்டு, தைரியமா ஊத்துங்க" என்பார். பெண் வீட்டார் முறைப்பார்கள். ஒரு சாவு வீட்டில் அழுதுகொண்டிருந்த அம்மாளின் கன்னத்தை நோக்கிக் காகிதத்தோடு போனவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வந்தோம். லாட்ஜில் அவரோடு ஒரே அறையில் இருந்தவன் நான். நான் பல் தேய்த்துத் துப்பியதைக்கூட விட்டதில்லை, பாவி மனுஷன்.

நாகர்கோவில் திரு-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். எனக்கு ஓர் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா வேலை. அந்தச் சம்பளத்தில்தான் ஊரில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆபீசர் பொன்முடி மலையிலிருந்து ஒரு பெரணிச் செடியைக் கொண்டுவந்து மேஜையை ஒட்டித் தொட்டியில் வைத்திருந்தார். பியூன் தண்ணீரைச் சிந்துகிறான் என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார். செடியோ நாளுக்கு நாள் மஞ்சளித்தது.

"செடி போச்சுன்னா நீரும் போவீரு. பாத்துக்கிடும்" என்றார் ஆபீசர்.

சாயங்காலம் லாட்ஜில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

"என்ன மக்கா, எழவு விழுந்த மாதிரி இருக்க?"

"செடி மஞ்சளாவுது அண்ணாச்சி. வேல போவப் போவுது."

"தொட்டிக்க அடியில வடியுத தண்ணிய கொண்டா."

மறுநாள் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்துக்கொண்டு போனேன். சிவப்புக் காகிதம் தொட்டதும் நீலமானது. மனுஷனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"காரம் ஏறிட்டு மக்கா! பெரணி மலைச்செடியாக்கும். அதுக்குப் புளிச்ச மண்ணுதான் பிடிக்கும்."

கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார், குற்றமில்லை. மட்கிய இலை கலந்த புது மண்ணைச் சோதித்துக் கொடுத்தார், மாற்றினேன். வடிந்த தண்ணீரும் யோக்கியமாக இருந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன். ஒரு வாரத்தில் மறுபடி நீலம்!

"தண்ணியும் சரி, மண்ணும் சரி. அப்போ மேல இருந்து எவனோ போடுதான்" என்றார் அண்ணாச்சி.

ஆபீசர் வெளியூர் கேம்ப் போன ஒரு மத்தியானம் அண்ணாச்சியை அவர் அறைக்குள் அழைத்துப் போனேன். மேல்மண்ணைக் கிளறினார். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி. விளிம்பின் உள்பக்கம் விரல் இழுத்த கோடுகள். வெற்றிலைக்குத் தடவியது போக மிச்சச் சுண்ணாம்பைப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் துடைப்பது எங்கள் ஊர் வழக்கம்தான். ஆனால் அந்த ஆபீசில் வெற்றிலை போட்டால் வேலை போகும் என்று வாசலில் போர்டு தொங்கியது. தொங்கவிட்டவர் ஆபீசர். அந்த அறையில் உட்காருகிறவரும் அவர் ஒருவர்தான்.

செடி செத்தால் வேலை போகும். அது ஏன் சாகிறது என்று சொன்னாலும் வேலை போகும்.

அந்த நேரம் பார்த்து ஆபீசர் உள்ளே வந்தார். கேம்ப் ரத்தாம்.

"யாரு வேய் இது? என்ன நடக்கு இங்க?" என்றார். கேட்கும்போதே, விரல் நுனி வெளுத்திருந்த அவர் வலது கை ஜேப்புக்குள் போயிற்று.

அண்ணாச்சி காகிதத்தை எடுத்தார். அந்தக் கை போன இடத்தையே பார்த்தார். தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல சார். சொவத்துல அடிச்ச சுண்ணாம்பு உதிந்து தொட்டியில விழுது. அந்த மூலைக்கு மாத்துனா செடி பொழச்சிரும்."

அந்த அறைக்கு நாலு பக்கமும் மரப்பலகைச் சுவர். சுண்ணாம்பு அடித்ததே கிடையாது! ஆபீசர் பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"ஆமா. உதிரத்தான் செய்யுது."

தொட்டி அவர் கைக்கு எட்டாத மூலைக்குப் போனது. மண்ணை மறுபடி மாற்றினேன். பெரணி பச்சைப்பசேலென்று விரிந்தது. என் வேலையும் நிரந்தரமாயிற்று.

உத்தரவு வந்த அன்று கேட்டேன்: "அண்ணாச்சி, அந்த வெரல்ல ஏன் காகிதத்த வைக்கல?"

"கை துறுதுறுன்னுதான் இருந்தது மக்கா. வெச்சிருந்தா எனக்கு நீலம் கெடச்சிருக்கும். ஒனக்க வீட்டுல ஒல கொதிச்சிருக்குமா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் தட்டில் சோறு விழும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மனுஷன்தான்.