குழாய் பிடிப்பவன்

மாலை நாலே முக்காலுக்கே இருட்டிவிட்டது. மைதானத்து விளக்குகள் எரிந்தன. ஆர்வில் பெட்ரிசுக்கின் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. அதுதான் சிக்கல்.

கனடாவின் அந்தச் சஸ்காட்சுவன் ஊரில் அறுபதைத் தாண்டியவர்களின் ஐஸ் ஹாக்கிக்கு ஒரு வழக்கம் உண்டு. தோற்ற அணியின் கோல்கீப்பர், ஆட்டம் முடிந்ததும் குழாயைப் பிடித்து ஐஸுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். விடிவதற்குள் உறைந்து வழுவழுப்பாகிவிடும். ஆங்கிலத்தில் 'ஹோஸ்' என்றால் குழாய்; 'ஹோசர்' என்ற வசை அதிலிருந்துதான் வந்தது என்பார்கள். குழாய் பிடிப்பவன், தோற்றவன், அசடு. அதற்கு ஆதாரம் இல்லை என்று நூலகத்து டோரீன் சொல்லிப் பார்த்தாள். ஊர் கேட்கவில்லை.

மனைவி இறந்த குளிர்காலத்திலிருந்து அந்தப் பெயர் ஆர்விலுடையது. அவன் தண்ணீர் ஊற்றும்போது போகிற வண்டிகள் நிற்கும். கண்ணாடி இறங்கும்.

"டேய் ஹோசர்! என்னடா நட்டிருக்கே?"

"உன் மூளையைத்தான். இன்னும் முளைக்கலை."

வண்டி சிரித்துக்கொண்டு போகும். அன்றைக்கு அவன் பேசுகிற பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். வீட்டில் தொலைக்காட்சியை அணைக்காமல் வருவான், திரும்பும்போது ஏதாவது குரல் இருக்கட்டும் என்று.

இந்த வருடம் அவன் அணியில் ஒரு புது ஆள் சேர்ந்திருந்தான். கோல் போடத் தெரிந்தவன்.

ஆர்வில் கோலுக்கு முன்னால் கால்களை அகட்டி வழிவிட்டு நின்றான். பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு அவன் காலணியின் சறுக்குக் கத்தியில் பட்டு வெளியே போனது. கைதட்டினார்கள்.

வேண்டுமென்றே விழுந்தான். வட்டு வயிற்றுக்கடியில் மாட்டிக்கொண்டது.

"கிழவனுக்கு வயசு திரும்புதுடோய்!"

தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பி நின்றான். வட்டு முதுகில் பட்டுத் தெறித்தது.

எதிர்முனையில் மற்ற அணியின் கோல்கீப்பர் லோர்ன், தன்பாட்டுக்கு வழுக்கி வந்த இன்னொரு வட்டையும் உள்ளே விட்டான்.

ஆட்டம் முடிந்தது. ஆர்விலின் தோளைத் தட்டினார்கள்.

"இனிமே நீ ஹோசர் இல்லைடா!"

பிறகு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

ஆர்வில் போகவில்லை. லோர்ன் குழாய்ச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"குடு லோர்ன். மூலையில உனக்கு ஊத்தத் தெரியாது. மேடு கட்டிடும்."

"பழகிக்கறேன்."

"குளிருடா. முட்டி பிடிச்சுக்கும். உன் பெண்டாட்டி பெவர்லி சாப்பாட்டோட காத்திருப்பா, போ."

லோர்ன் பிடியை விடவில்லை. ஆர்விலும் விடவில்லை. ஒரு வண்டி வேகம் குறைந்தது. கண்ணாடி இறங்கியது.

"டேய் ஹோசர்!"

இருவரும் கையைத் தூக்கினார்கள்.

வண்டி போனது.

"பெவர்லி போன மாசமே என்னை விட்டுட்டுப் போயிட்டா," என்றான் லோர்ன். "அந்த ரெண்டு கோலையும் நான் ஏன் விட்டேன்னு நினைக்கறே?"