கொடிக்கு வந்த வெள்ளை

"அண்ணை, இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக் கிடக்குது. கொடி சாகப்போகுது!" தொலைபேசியில் அம்புறோஸ் அழாத குறை.

மறுமுனையில் கணேசலிங்கம். ஹம்பேர்க்கில் ஒரு பூக்கடையில் பூங்கொத்துக் கட்டுபவர். வைத்தியம் சொல்ல அந்தத் தகுதி போதாதா? "பூஞ்சணம்! பாலும் தண்ணியும் கலந்து அடியும்," என்று பார்க்காமலே சொல்லிவிட்டார்.

கொடி, டுசல்டோர்ஃபில் அம்புறோஸ் குடியிருந்த வீட்டுக்கார ஜெர்மன் அம்மாவுடையது. செத்துப்போன கணவர் நட்ட கிளெமாற்றிஸ். அம்புறோஸின் மாடி யன்னலுக்குக் கீழே சுவர் முழுக்க ஊதாப் பூ. அந்த அம்மா நாலு கிழமை ஓய்வுக்குப் போகும்போது, "கொடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்ததும் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம்," என்றிருந்தார். பதினொரு வீட்டில் கதவைச் சாத்திய பிறகு கிடைத்த வீடு இது.

அம்புறோஸ் பால் அடித்தான். வெள்ளை போய்விட்டது. பூனைகள் வந்தன. ஏறி நக்கிப் பாதிக் கொடியைப் பிய்த்துப் போட்டன. அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால், மிச்சப் பாதியில் மறுபடியும் வெள்ளை.

"பாலுக்குக் கேக்காட்டில் கந்தகம்தான்," என்றார் கணேசலிங்கம்.

"எவ்வளவு போடுறது அண்ணை?"

"கொடிக்கு வருத்தம் கடுமையெண்டால் கொஞ்சம் கூடப் போடும்."

அம்புறோஸுக்குப் பயம் அதிகம், கையும் தாராளம். இலைகள் கருகிக் கொட்டின. தப்பிய நாலு இலையிலும் அதற்கடுத்த சனி வெள்ளை.

"வெட்டும்! வேருக்கு இறங்க முதல் வெட்டும்!"

வெட்டினான். முழங்கால் உயரத்தில் இரண்டு குச்சி மிஞ்சியது. ஒரு கிழமை முழுக்கத் துளிர் தேடினான். ஒன்றுமில்லை. விடிந்தால் ஞாயிறு, வீட்டுக்கார அம்மா வந்துவிடுவார். அம்புறோஸ் குச்சிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வாய்விட்டே அழுதான்.

மனைவி புஷ்பமலர் தேத்தண்ணியோடு இறங்கி வந்தாள். "இஞ்சேருங்கோ, அழாதேங்கோ. மடு மாதாவுக்கு நேத்தி வைச்சிருக்கிறன்."

"பிள்ளையளையும் கொண்டு இனி எந்தக் கதவைத் தட்டுறது மலர்? எங்கையிருந்து வந்தது கொடிக்கு இந்த வருத்தம்?"

அவளுக்கும் கண் கலங்கியது. சனிக்கிழமைகளில் சமையலுக்குக் கைகொடுக்க வரும் கொறற்றி, மேலே யன்னலால் தலையை நீட்டினாள்.

"அக்கா, இடியப்ப மா அரிச்சு முடிஞ்சுது. வீட்டுக்காரி நாளைக்குத்தானே வாறா, இண்டைக்கும் மாத்துணியை யன்னலாலையே உதறட்டோ?"