காயாத காரில் பெண் பார்க்கப் போனது

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு வேலைக்குக் கூலி சொன்னால் போதும், அந்த வேலை எனக்கே தெரியும் என்று தோன்றிவிடும். ஃபேன், மிக்ஸி, குழாய் என்று எல்லாவற்றிலும் கை வைத்து, கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து மீண்டிருக்கிறேன். (அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது?) அந்த வியாதி முற்றியிருந்த சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள்.

விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் கணக்கெழுதுகிறவன் நான். வந்த வரனெல்லாம் தட்டிப்போய், அம்மா கோயில் கோயிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது சிவகாசியிலிருந்து ஒரு இடம் வந்தது. பெண்ணின் பெயர் மாரீஸ்வரி. போட்டோவில், 'சீக்கிரம் எடுத்துத் தொலைங்க' என்பதுபோல கேமராவை முறைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே பிடித்துப்போய்விட்டது. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் வேறு பெண்ணே வேண்டாம் என்று மனதுக்குள் சபதமே போட்டுவிட்டேன்.

தரகர் அவர்களிடம், "மாப்பிள்ளைக்குச் சொந்தக் கார் இருக்கு" என்று சொல்லி வைத்திருந்தார். பொய்யில்லை. பலர் ஓட்டித் தேய்த்து, இனி தேய ஒன்றுமில்லை என்ற நிலையில் என்னிடம் வந்த கார். ஆர்.சி. புத்தகத்தில் நிறம் நீலம் என்று இருந்தது. நேரில் பார்த்தால் கூரை வெள்ளை, கதவு சாம்பல், பானெட் துரு.

"இதுலயா போறது? வாசல்லயே திருப்பி அனுப்பிருவாக" என்றாள் அம்மா.

பெயிண்டரிடம் போனேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, "இதுல புதுக் காரும் சேர்த்தாண்ணே?" என்று விசாரித்தேன். அவர் திரும்பி அடுத்த வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்காரர் முருகேசன் மச்சான் வந்து சேர்ந்தார். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை.

"எதுக்கு மாப்ள இம்புட்டு ரோசனை? எங்க கம்பெனியில காலண்டர் மை மிச்சம் கிடக்கு. கேட்டா சும்மாவே குடுப்பாக. சாமி படமெல்லாம் எப்படி மினுங்குது, பாத்திருக்கேல்ல? அதையே அடிச்சிருவோம்."

"தகரத்துல பிடிக்குமா மச்சான்?"

"பிஸ்கட் டப்பாவுல படம் போட்டிருக்காம்ல? அது என்ன மரக்கட்டையா? தகரத்தப் பத்தி எங்கிட்டயே கேக்குற பாரு!"

மச்சான் மிஷின் பக்கமே போனதில்லை, அவர் வேலை காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிப்பது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். மெஜந்தாவில் கொஞ்சம் கறுப்பைக் குழைத்ததும் அருமையான மெரூன் கிடைத்தது. பாகு மாதிரி இழுத்த மையில் தின்னரை ஊற்றி, ரோலரால் உருட்டினோம். சாயங்காலம் கார் ஜொலித்தது, பாருங்கள்! தெருவே கூடிவிட்டது. அம்மா சுற்றிப்போட உப்பும் மிளகாயும் எடுத்துவந்தாள்.

திங்கட்கிழமை தொட்டுப் பார்த்தேன். விரல் மெரூன். செவ்வாய்க்கிழமையும் மெரூன். எதிர்வீட்டு அண்ணாச்சி வெயிலில் நிறுத்தச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா வெயிலே ஆகாது, நிழலில் விடு என்றார். நான் காரை வெயிலுக்கும் நிழலுக்கும் ஓட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்த ஞாயிறு பெண் பார்க்கப் போக வேண்டும். இது ஏன் காயவில்லை என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

இதற்கு நடுவில், தெருமுனை கிட்டங்கியில் மிளகாய் வத்தல் மூடை இறக்கினார்கள். பறந்த தூசி முழுக்க என் கார் மேல் ஒட்டியது. காரைத் தாண்டிப் போனவர்களெல்லாம் தும்மினார்கள்.

"மூடி வைக்கணும் மாப்ள" என்று மச்சான் சனிக்கிழமை ஒரு கட்டுக் காலண்டர் வேஸ்ட் தாளைக் கொண்டுவந்தார். முழுக்கப் போர்த்தினோம். மறுநாள் காலையில் உருவினால், தாள் வந்தால்தானே! கிழிந்தது போக மிச்சமெல்லாம் காரோடு ஐக்கியமாகியிருந்தது. பானெட் நடுவில் மகாலட்சுமி முழுசாக வீற்றிருந்தாள். பின்கதவில் 'சுபமுகூர்த்த நாள்'. நான் ஓட்டுகிற பக்கத்துக் கதவில் 'சந்திராஷ்டமம்'.

ஈரத்துணியும் பிளேடுமாக பானெட்டை நெருங்கினேன்.

"ஏலே! சாமி மூஞ்சியவா சுரண்டப்போற? கை வெளங்காமப் போயிரும்லே!" என்று அம்மா குறுக்கே விழுந்தாள். விழுந்ததோடு நிற்காமல் சூடமும் காட்டினாள்.

அம்மா, மச்சான், நான் மூவரும் அப்படியே கிளம்பினோம். வழியில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். என்னையா, காரையா? விளங்கவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது.

பெண்ணின் அப்பா வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றிருந்தார். "வாங்க, வாங்க" என்று கார்க் கூரையில் கையை ஊன்றிக் குனிந்தவர், கையை எடுத்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். அவர் இருபது வருஷமாக ஆப்செட் அச்சு மிஷின் ஓட்டுகிறவர் என்று தரகர் எங்களிடம் சொல்லவே இல்லை.

"ஏன் மாப்ள, பேப்பர் மையை உறிஞ்சும், காயும். தகரம் எதை உறிஞ்சும்? டப்பாவுல அடிச்சா சூளைக்குள்ள விட்டுல்ல எடுப்பாக. இத எந்தச் சூளையில வைக்கப் போறீக?"

நான் மச்சானைத் தேடினேன். அவர் தெருமுனைக்குப் போய்விட்டிருந்தார்.

அதற்குள் பெண்ணின் அத்தை பின்கதவைப் படித்துவிட்டு, "நல்ல சகுனம்ண்ணே, சுபமுகூர்த்தம்னு போட்டிருக்கு" என்றார். சித்தி என் கதவைப் படித்துவிட்டு, "இங்கன சந்திராஷ்டமம்னுல்ல இருக்கு" என்றார். இரண்டு பேரும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து சண்டை போட்டார்கள். என் கல்யாணத்தைக் கார்க் கதவு முடிவு செய்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு மாரீஸ்வரியே வெளியே வந்துவிட்டாள். (காபித் தட்டெல்லாம் இல்லை.) நேராக வந்து கதவில் ஒரு விரலை வைத்து எடுத்தாள். பார்த்தாள். அதே முறைப்பு.

"எனக்குச் சம்மதம்ப்பா. கார் காஞ்ச பெறகு தேதி குறிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்புகிற வழியெல்லாம் எனக்கு அதே குழப்பம். "மச்சான், அவ சரின்னாளா, மாட்டேன்னாளா?"

"சம்மதம்னுதான மாப்ள சொல்லுச்சு."

"காயவே காயாதுன்னு அவுக அப்பா சொன்னாரே?"

மச்சான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

வாரா வாரம் போன் வரும். நலமா, சாப்பிட்டீர்களா என்று ஒன்றும் கிடையாது. "காஞ்சிருச்சா?" என்பாள். அவ்வளவுதான் எங்கள் காதல் பேச்சு. "இன்னும் கொஞ்சம்தான்" என்று நான் சொல்வதும், அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்பதும் ஒரு மாதம் நடந்தது. அந்தச் சிரிப்பு கேட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

கடைசியில் மண்ணெண்ணெய் போட்டு மெரூனை முழுக்கத் துடைத்து, பழையபடி பல வண்ணக் காராக்கினேன். மகாலட்சுமியை மட்டும் அம்மா தொட விடவில்லை. "கார் காஞ்சிருச்சு" என்று நெஞ்சை நிமிர்த்திப் போனில் சொன்னேன். தேதி குறித்தார்கள்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்து வெளியே வந்தோம். ஏறுவதற்கு முன்னால் மாரீஸ்வரி பானெட்டுக்குப் போய், லட்சுமியின் பாதத்துக்குக் கீழே, தாள் ஓரம் கிளம்பியிருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்து என்னிடம் காட்டினாள். மெரூன்.

"காயவே இல்லயே" என்றாள். விரலை என் பட்டு வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கறை தெரிகிற போட்டோதான் இன்றும் எங்கள் வீட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறது. நான் எப்போதாவது, "இதுக்கெல்லாம் எதுக்கு ஆளு, நாமளே செஞ்சிருவோம்" என்று ஆரம்பித்தால், மாரீஸ்வரி அந்தப் போட்டோவைப் பார்ப்பாள். ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்திக் காட்டுவாள். உடனே என் மகள் போனை எடுத்து வேலையாளைக் கூப்பிட்டுவிடுவாள்.