குனிவதில் முதலிடம்

பந்தை உதைக்கத் தெரிந்த ஊர்கள் உலகத்தில் ஏராளம். உதை வாங்கிய பிறகு எப்படி நிற்க வேண்டும் என்று தெரிந்த ஊர் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் மிசாகிஹாமா. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையடிப்பது எங்கள் ஊரில் வழக்கமும் இல்லை. ஆனால் மைதானத்துக்குப் போகிற கடைத்தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவள் நான். அணியின் சட்டை, கால்சட்டை எல்லாம் என்னிடம்தான் வரும். யார் வியர்த்தார்கள், யார் வியர்க்கவில்லை என்பது எனக்கு அத்துபடி. அதை ஊரெல்லாம் சொல்லித் திரிகிற ஆள் இல்லை நான். யாராவது கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் மறுநாள் சொல்வேன்.

அந்த வருஷம்தான் எங்கள் ‘கடற்காகங்கள்’ அணி முதன்முறையாக ஜப்பானின் கால்பந்துப் போட்டியான ஜே லீக்கின் முதல் பிரிவுக்கு ஏறியது. கிளப் தலைவர் குராமோச்சி, அணிக்குப் படியளக்கிற மீன்கேக் கம்பெனியிலிருந்து அனுப்பிவைக்கப்பட்டவர். அங்கே முப்பது வருஷம் மீன்கேக்கின் நீள அகலங்களைக் கண்காணித்த அனுபவம் அவருக்கு உண்டு. ஒரு கால்பந்து அணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் கடை மாடியில் குடியிருந்தவர் இகராஷி. முன்வரிசை ஆட்டக்காரர், முப்பத்திரண்டு வயது. வாலிபம் முழுக்கக் கீழ்ப்பிரிவுகளில் ஓடித் தேய்ந்துவிட்டு இப்போதுதான் மேலே வந்திருந்தார். பிப்ரவரியில் ஒருநாள் சட்டை வாங்க வந்தவரை வழக்கம்போல விசாரித்தேன்.

“தலைவர் தெளிவா சொல்லிட்டாரு, அக்கா. சீசன் முடிவுல முதல் பிரிவுலயே நின்னுட்டா எனக்கு இன்னும் ரெண்டு வருஷம். கீழ இறங்கிட்டா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.”

“பாப்பா?”

“அடுத்த வருஷம் ஏப்ரல் வந்தா பள்ளிக்கூடம். இந்த ஊர்லயா வேற ஊர்லயான்னு என் பொண்டாட்டி கனாயே தினமும் கேக்குறா. அவகிட்ட ‘லீக் பட்டியலைப் பாத்துட்டு சொல்றேன்’னு சொல்ல முடியுமா?”

“நாலு கோல் போடுங்க தம்பி, எல்லாம் சரியாயிரும்.”

“அப்படித்தான் நானும் நெனைக்கிறேன்” என்றார். பாவம், கால்பந்து என்றால் கோல் என்று நினைக்கிற பழைய காலத்து ஆள்.

முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் விழுந்தது, எங்கள் பக்கம். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் ரசிகர் அரங்கின் முன்னால் வரிசையாக நின்று தலைவணங்குவது எங்கள் நாட்டில் எல்லா அணிக்கும் உள்ள வழக்கம். அன்று வரிசை கோணலாக இருந்தது. இருவர் முன்னால் குனிந்தார்கள், மூவர் பின்னால் குனிந்தார்கள், கோல்கீப்பர் பாதி வழியில் வந்துகொண்டிருந்தார்.

ரசிகர் மன்றத் தலைவர் நுமாடா, என் எதிர்க்கடையில் டோஃபு விற்கிறவர், ஒலிபெருக்கியை எடுத்தார். “நாலு கோல் வாங்கினதைக்கூட மன்னிச்சிருவோம். அது என்னப்பா வணக்கம், கோழி தீனி பொறுக்குற மாதிரி?”

அரங்கமே ஆமோதித்தது. அதன்பிறகு நான்கு கோல்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

திங்கட்கிழமை கிளப்பில் ‘சுயபரிசோதனைக் கூட்டம்’. சலவைத் துணியைக் கொடுக்கப் போன எனக்குத் தற்செயலாகக் கேட்க நேர்ந்தது. கதவு திறந்திருந்தது. சரி, திறந்தேன்.

“தோல்விக்கு மூலகாரணத்தைக் கண்டுபிடிச்சிட்டோம்” என்றார் குராமோச்சி.

“தற்காப்புதான் தலைவரே” என்றார் பயிற்சியாளர். “நடுவுல வண்டி ஓட்டலாம் போல இடம் விட்டுட்டாங்க.”

“அது விளைவு. நான் காரணத்தைச் சொல்றேன். வணக்கத்துல ஒரே அளவு இல்லை. எங்க மீன்கேக்ல ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டையா வந்தா என்ன ஆகும்?”

என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

இப்படித்தான் ‘மன்னிப்பு மேம்பாட்டுப் பிரிவு’ உதயமானது. அதன் தலைமைக்கு குசுனோகி டீச்சர் வந்தார். பெரிய பல்பொருள் அங்காடியில் மின்தூக்கியில் வாடிக்கையாளர்களை வரவேற்கும் பெண்களுக்கு வணங்கக் கற்றுக்கொடுத்தே ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஒரு விசில். அவர் ஒருமுறை ஊதினால் பந்து, தண்ணீர், பேச்சு எதுவானாலும் அப்படியே போட்டுவிட்டு அரங்கின் முன்னால் ஓடிவந்து வரிசை கட்ட வேண்டும். கண்ணை மூடிக் குனிய வேண்டும். அவர் கைதட்டும்வரை நிமிரக் கூடாது.

“கண்ணைத் தெறந்துக்கிட்டுக் குனியுறவன் மன்னிப்புக் கேக்கலை” என்பார். “கீழ விழுந்த சில்லறையைத் தேடுறான்.”

பயிற்சி நேரத்தில் பாதி இதற்கே போயிற்று. இகராஷி ஒருநாள் வாயைத் திறந்தார். “டீச்சர், கார்னர் கிக் எப்ப பழகுறது?”

“உங்க இடுப்பே இன்னும் பழகலையே, இகராஷி சான்.”

பலன் உடனே தெரிந்தது. தோல்விகள் வந்தபடிதான் இருந்தன; ஆனால் என்ன தரமான தோல்விகள். மே மாதத்துக்குள் பதினோரு முதுகும் பலகை வைத்து இழைத்தது போல ஒரே மட்டத்தில் நின்றன. தொலைக்காட்சியில் கோல்களை ஓட்டமாக ஓட்டிவிட்டு வணக்கத்தை மெதுவாகக் காட்டினார்கள். எதிரணி ரசிகர்கள் ஜெயித்த கையோடு கிளம்பாமல் படம் பிடிக்கக் காத்திருந்தார்கள். என் கடைக்கு வந்த கால்சட்டைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. முழங்காலில் புல்கறையே கிடையாது. இடுப்பில் மட்டும் ஒரு மடிப்பு. எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது.

அவர்கள் அவ்வளவு குனியும்போது நாங்கள் நிமிர்ந்து நிற்பதா? நுமாடா தலைமையில் ரசிகர் மன்றமும் பதிலுக்குக் குனிய ஆரம்பித்தது. அவர்கள் நிமிரும்வரை நாங்கள் நிமிர்வதில்லை. நாங்கள் நிமிரும்வரை அவர்களும் நிமிர்வதில்லை. ஜூலையில் ஒருமுறை காவலாளி வந்து விளக்கை அணைத்த பிறகுதான் ஊர் வீடு திரும்பியது.

குப்பை விஷயத்திலும் நாங்கள் பின்தங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அரங்கைச் சுத்தம் செய்வது எல்லா ஊர் ரசிகர்களும் செய்வதுதான். முடியுமுன்பே செய்வது நாங்கள் மட்டும்தான். செப்டம்பரில் இகராஷி முப்பது மீட்டரிலிருந்து அடித்த பந்து கம்பத்தில் மோதியபோது, நீலப் பைகளோடு நாங்கள் எல்லோரும் இருக்கைகளுக்கு அடியில் இருந்தோம்.

“எங்கயோ மணி அடிச்ச மாதிரி இருந்துச்சே?” என்றார் நுமாடா.

“கோயில்ல அடிச்சிருக்கும்” என்றேன். “உங்க காலுக்கடியில ஆரஞ்சுத் தோல் கெடக்கு பாருங்க.”

அன்று மாலை இகராஷி கடைக்கு வந்தபோது சும்மா இருக்க முடியாமல், “இந்த வருஷம் ஒரு கோல்கூட இல்லையாமே, தம்பி?” என்று ஆறுதலாகக் கேட்டேன்.

“ஒண்ணு போட்டா போதும் அக்கா. ஒண்ணே ஒண்ணு.”

விசித்திரம் என்னவென்றால், வேறு சில அணிகள் எங்களைவிட மோசமாக ஆடின; அவர்களுக்குக் குனியவும் தெரியவில்லை. ஆகவே டிசம்பரில் கடைசி ஆட்டத்துக்கு வரும்போது எங்களுக்கு ஒரு டிரா போதும் என்ற நிலை. வடக்கத்தி அணி ஒன்று வந்திருந்தது. கனாயே என் பக்கத்து இருக்கையில், மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்தாயா என்று கேட்டேன். “இன்னைக்கு முடிஞ்சதும்” என்றாள்.

தொண்ணூறு நிமிடம் கடந்தது. கோல் எதுவும் இல்லை. எங்கள் ஆட்கள் எதிர்க்கோலை நோக்கி, அதாவது எங்கள் அரங்கை நோக்கி, வந்துகொண்டிருந்தார்கள். இடப்பக்கத்துப் பையன் ஒருவன் கொஞ்சம் முந்திவிட்டான். ஆஃப்சைடு. நடுவர் விசிலை வாயில் வைத்து ஊதினார்.

ஒரே ஒருமுறை, சுருக்கமாக. தொண்ணூறு கடந்திருந்ததால் ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

குசுனோகி டீச்சரின் உழைப்பு வீண்போகவில்லை. ஒன்பது பேர் அந்தக் கணமே எங்கள் முன்னால் ஓடிவந்து வரிசை கட்டினார்கள். கோல்கீப்பர் மைதானத்தின் மறுகோடியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து நேரத்துக்குச் சேர்ந்தார். பிப்ரவரியில் பட்ட அவமானத்தை அவர் மறக்கவில்லை. பத்து முதுகுகள், ஒரே மட்டம், கண்கள் மூடி. அரங்கும் ஒரே அலையாகக் குனிந்தது. முரசு நின்றது. அப்படி ஓர் அமைதியை எந்த லீக்கும் கண்டதில்லை.

எனக்கு மட்டும் ஒரு கண் திறந்திருந்தது. பிறவிக் குணம். எதிரணிக் கோல்கீப்பர் பந்தைக் கீழே வைத்து, எங்களைப் பார்த்து, நடுவரைப் பார்த்து, சங்கடத்தோடு நீளமாக ஒன்று உதைத்தார். அவர்கள் ஆள் ஒருவன் யாருமற்ற மைதானத்தில் வெட்கப்பட்டுக்கொண்டே ஓடினான். கத்தியிருக்கலாம்தான். ஆனால் அவ்வளவு அமைதியில் நான் ஒருத்தி கத்தினால் நன்றாகவா இருக்கும்?

வரிசையில் இல்லாத அந்த ஒரே ஆள் இகராஷி. அவர் வணக்கத்தையும் பார்க்காமல், எங்களையும் பார்க்காமல், திரும்பி எங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். வடக்கத்திக்காரன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பாய்ந்து விழுந்த இகராஷியின் முழங்காலில் மோதி உள்ளே உருண்டது. அந்த சீசனில் அவர் போட்ட ஒரே கோல்.

கனாயே எழுந்து நின்றாள். எங்கள் பகுதியில் நிமிர்ந்து நின்றது அவள் ஒருத்திதான். பின்வரிசைக்கு மறைக்கிறதே என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

நாங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம். அதற்கான வணக்கம் வரலாற்றுச் சிறப்புமிக்கது. ‘நற்பண்பு அணி’ என்று ஒரு கேடயம்கூட வந்தது. குராமோச்சிக்குத் தலைமை அலுவலகத்தில் பதவி உயர்வு. பொறுப்பை மட்டும் எங்காவது வைக்க வேண்டுமே? சுயபரிசோதனைக் கூட்டம் கூடி ஆராய்ந்தது. வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

“பத்துப் பேர் ஒரு மனசா நிக்கும்போது ஒருத்தன் மட்டும் ஓடுறதா?” என்றார் நுமாடா, டோஃபுவை வெட்டிக்கொண்டே. “அதுவும் முதுகைக் காட்டிக்கிட்டு.”

“கோலும் அவர் பேர்லதான் இருக்கு” என்று நினைவூட்டினேன்.

மாடி காலியாகிற நாளில் மரியாதைக்குக் குறைவைக்கக் கூடாது என்று கடைத்தெருவே சாமான் வண்டியின் முன்னால் வரிசை கட்டியது. கடைசியாக வெளுத்த அவருடைய கால்சட்டையை மடித்துக் கொடுத்தேன். முழங்காலில் புல்கறை. நான் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்த வருஷம் எனக்கு வந்த ஒரே புல்கறை அது. பிறகு எல்லோரும் குனிந்தோம்.

இகராஷி குனியவில்லை.

“நிமிருங்க அக்கா” என்றார். “நீங்க எல்லாரும் குனிஞ்சிருந்தப்பதான் கோல் விழுந்துச்சு.”

இப்படிப்பட்ட பேச்சுக்கு நிமிர்வது நாகரிகமாகாது. இன்னும் கொஞ்சம் குனிந்தோம். வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

“போயிட்டானா?” என்றார் நுமாடா, குனிந்தபடியே.

“நிமிந்து பாத்தாத்தானே தெரியும்.”

“அப்ப நீங்க நிமிருங்க.”

“நான் எப்படி மொதல்ல நிமிர்றது? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?”

பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. இந்த முறை நான்கூட இரண்டு கண்களையும் இறுக்க மூடியிருந்தேன்.